இல்லாளின் நோயும் இல்லறத்தான் கடனும்

சிவமயம்

சைவ நன்மக்காள், சைவ வித்தியாசாலைகளிலே பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் ஆசிரிய அன்பர்காள்,

இல்லறத்தின் இயல்பு இஃதெனவும் துறவறத்தின் இயல்பு இஃதெனவும் நாம் பிள்ளைகளுக்கு நாடோறும் போதித்து வருகின்றோம். விருந்தோம்பல், ஒப்புரவு, ஈகை என்னும் தலைப்புக்களை விரித்துரைக்கும்போது நமக்கு நாத்தடை சிறிதுமில்லை. ஆயின், மனைவி நோயுற்றபோது கணவன் செய்யற்பாலன யாவை என்று ஒரு மாணாக்கன் எழுந்து வினாவினால், உடனே விடையிறுப்பார் நம்முள் எத்துணையர்? கணவன் துன்புற்றபோது மனைவி செய்யற்பாலனவற்றைப் புராண இதிகாசங்களினின்றும் எடுத்துக்காட்டி மணிக்கணக்காகப் பிரசங்கிப்போம். அதன் மறுதலையைப் பற்றி வாய்திறவோம். இக்குறையை நோக்கியே, மகளிர்க்கு வரும் நோய்களுள் ஒன்றாகிய மார்பகப் புற்றுநோயைப் பொருளாகக் கொண்டு, அந்நோயாற் பீடிக்கப்பட்ட வாழ்க்கைத்துணையை ஆடவன் தாங்குமாறு எவ்வாறு என்பதை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுந்தேம்.

இப்பொருள் சைவப்பத்திரிகைக்குத் தகுமோ என ஐயுறுவார் உளராயின், அவர் கீழ்வரும் கணக்கை நோக்குக. 2022 ஆம் ஆண்டிலே உலகமுழுவதும் இந்நோய் காணப்பட்ட மகளிர் ஏறக்குறைய 23 இலட்சத்தவர் எனவும், அவ்வாண்டில் இதனால் இறந்தவர் ஏறக்குறைய 6 இலட்சத்து 70 ஆயிரவர் எனவும் உலக சுகாதார நிறுவனத்தார் கணித்துள்ளனர். நமது இலங்கையிலே மகளிர்க்கு உண்டாகும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் பெற்று நிற்கின்றது. இத்துணைக் குடும்பங்களிற் புகுந்த துன்பத்தைப் பற்றிச் சைவம் யாதும் கூறாதெனின், அச்சைவம் கோயில் வாயிலோடு நின்றுவிட்டதாய் முடியும்.

இனி, இந்நோய் தொடக்கத்திலே அறியப்படுமாயின் மாற்றப்படற்பாலது என்பதும், காலந்தாழ்த்து அறியப்படின் மாற்றுதல் அரிது என்பதும் வைத்தியர் யாவர்க்கும் ஒப்பமுடிந்த உண்மைகள். அங்ஙனமாகவும் நம் பெண்கள் காலந்தாழ்ப்பது எதனால்? அரசினர் வைத்தியசாலைகளிலே பணங்கொடாது சிகிச்சை பெறலாகும் இந்நாட்டிலே, வறுமையினும் நாணமே பெருந்தடையாய் நிற்கின்றது என்பது எமது துணிபு. அந்நாணமும் சொல்லளவிற்றானே தொடங்குகின்றது. உறுப்பின் பெயரைச் சொல்லக் கூசுகின்றவள் உறுப்பிலுள்ள கட்டியைக் காட்டுவது எங்ஙனம்?

இக்கூச்சம் நமது சமயம் கற்பித்ததன்று. திருவண்ணாமலையிலே எழுந்தருளியிருக்கும் அம்மையின் திருநாமம் உண்ணாமுலையம்மை. அத்திருநாமத்தை ஆணும் பெண்ணும் குழந்தையும் கூசாது சொல்லிக் கைகுவிக்கின்றனர். சமயகுரவர் அருளிய பதிகங்கள் பலவற்றிலே அவ்வுறுப்பின் பெயர் வெளிப்படையாகவே வருகின்றது. வகுப்பறையில் அச்சொல் வருமிடத்து ஆசிரியர் இருமிக்கொண்டு அடுத்த அடிக்குத் தாவுதலை யாம் கண்டதுண்டு; அவ்விருமலுக்குக் காரணம் தடிமன் அன்று. பதிகத்தைப் பாடற்கு ஆகும் சொல் வைத்தியரிடம் உரைத்தற்கு ஆகாதோ?

மகளிர் ஆண்வைத்தியரை நாடக் கூசியிருந்த காலத்திலே, 1898 ஆம் ஆண்டில், அமெரிக்க மிசனார் இணுவிலிலே மக்லியோட் வைத்தியசாலையை மகளிர்க்கும் குழந்தைகட்குமென நிறுவிப் பெண்வைத்தியரைக் கொண்டு நடாத்தினர். அதற்கு அரைநூற்றாண்டின் முன், 1847 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலே தமிழிளைஞர்க்கு மேனாட்டு வைத்தியம் போதித்த கிறீன் என்பவர் வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்ப்பித்து அச்சிடுவித்தார். அவர் யாவரும் மதமாற்ற நோக்கமுடையர் என நம் முன்னோர் கண்டித்தது நியாயமே. ஆயினும், நம் பெண்களின் நாணம் அவருயிர்க்கே கேடாய் முடிதலை அவர் நமக்கு முன்னரே கண்டுகொண்டனர் என்பதை மறைத்தல் நன்றியன்று. இக்காலத்திலோ, 1996 ஆம் ஆண்டு தொடக்கம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் சார்ந்து மகளிர்க்கெனத் தனிக் கிளினிக்கு நடைபெற்று வருகின்றது. முப்பத்தைந்து வயதைக் கடந்த மகளிர் அங்கே சென்று பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆங்கு மனைவியைக் கூட்டிச்சென்று வெளியே வாங்கிற் காத்திருத்தல் எந்த ஆடவனுக்கும் இழிவாகாது.

மார்பிலேனும் கக்கத்திலேனும் தோன்றுங் கட்டி, தோல் குழிதல், தோடம்பழத்தோல் போலத் தடித்தல், காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பினின்று இரத்தங் கசிதல் என்பன வைத்தியரிடம் காட்டற்குரிய அடையாளங்கள். கட்டி பெரும்பாலும் நோவதில்லை. நோவில்லை என்பதனாலேயே பலர் அதனைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். கட்டிகள் பலவும் புற்றாவனவல்ல. புற்றோ அன்றோ என்பது கையாற் பரிசோதித்தும், மமோகிறாம் அல்லது ஸ்கான் எடுத்தும், ஊசியாற் சிறிது தசையெடுத்துச் சோதித்தும் துணியப்படும். ஊசி பட்டாற் புற்றுப் பரவிவிடும் என்பது வெறும் ஊர்ப்பேச்சு. எம் குடும்பத்தில் ஒருவர்க்கும் இந்நோய் இல்லையே என்று இருப்பதும் பிழை. இந்நோயுற்ற மகளிருட் பெரும்பாலார் அத்தகைய குடும்பத்தவரேயாவர். மனைவி ஒருமுறை வாய்திறந்து சொன்னாளாயின், அவள் இரண்டாமுறை சொல்லுங்காறும் காத்திராது மறுநாளே புறப்படுதல் கணவன் கடன்.

பரிசோதனையின் முடிவு வந்தபின் எழும் முதற்கேள்வி, நோயின் பெயரை நோயாளிக்குச் சொல்லலாமோ என்பது. நம்மவருட் பலர் கணவனைத் தனியே அழைத்துச் சொல்லி, மனைவிக்கு மறைக்குமாறு வேண்டுகின்றனர். கற்றறிந்த உறவினர் சிலர், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின்பாற்படும் என வள்ளுவரே வகுத்தாரன்றோ என அவரைச் சான்றுக்கு அழைப்பர். அற்றன்று. நாயனார் விதித்தது நன்மை குற்றமற்றதாதல் வேண்டும் என்பதையே. ஈண்டு விளையும் நன்மை யாது? தன் உடம்பின்மேல் ஆயுதம் வைக்கப்படுதற்கு உடன்படவேண்டியவள் காரணம் அறியாளாய் உடன்படுகின்றாள். தலைமயிர் உதிருங்கால் யாதென்று அறியாது நடுங்குகின்றாள். வாயிலிலே பேச்சு நின்றுவிடுதலும், வந்தவர் கண் கலங்குதலும், பிள்ளைகள் அடங்கியொடுங்குதலும் கண்டு, உண்மையினும் கொடியதொன்றைத் தானே கற்பித்துக்கொள்கின்றாள். அதனை எவரிடமும் கேட்கவும் மாட்டாள். கேட்டால் கணவன் வருந்துவானே என்று அஞ்சுவாள். இங்ஙனம் ஒரு வீட்டிலே இருவரும் ஒரே துன்பத்தை ஒருவர்க்கொருவர் ஒளித்துத் தனித்தனி சுமப்பாராயினர். இதுவோ நன்மை? அவள் எவ்வளவு அறிய விரும்புகின்றாளோ அவ்வளவும், அவள் விரும்பும் வேகத்திலே, அவளருகிற் கணவன் இருக்க, வைத்தியர் வாயினாலே சொல்லப்படுதலே முறை. முழுவதும் அறிய விரும்பாத மகளிரும் உளர்; அவரை வற்புறுத்துதலும் ஆகாது. ஆயின் விரும்பாமையை அவள் சொல்லவேண்டுமேயன்றி, அவளுக்காகக் கணவனும் மைத்துனனும் கூடித் தீர்மானித்தல் கூடாது.

பெயர் வெளிப்பட்டபின் ஊரார் வருவர். வருவோருள் ஒருவரேனும், பெருமூச்செறிந்து, “எல்லாம் வினைப்பயன், முற்பிறப்பிற் செய்தது” என்று சொல்லாது செல்லார். அன்பர்காள், இவ்விடத்திற் சிறிது தாமதிப்போமாக. இச்சொல் சைவத்தின் பெயராற் சொல்லப்படுதலின், இதற்கு விடை சொல்லுங் கடனும் சைவர்க்கே உரியது.

வினை உண்டென்பதை யாம் மறுக்கின்றோமல்லேம். ஈட்டப்பட்ட வினையுள் இவ்வுடம்பு நுகர்தற்கென வந்தது பிராரத்தம் எனச் சித்தாந்தம் கூறும். ஆயின், வினை சடமாதலின் அது தானே சென்று செய்தவனைச் சேரமாட்டாது. முதல்வனே அதனை அறிந்து கூட்டுவன் என்பதும் அச்சித்தாந்தமே. எவ்வினைக்கு எப்பயன், எக்காலத்து, எவ்வளவு என்னுங் கணக்கு முற்றறிவுடைய அவன் ஒருவனுக்கே தெரியும். அயல்வீட்டுப் பெண்ணின் வினைக்கணக்கைத் தாம் படித்துப் பார்த்தவர்போலப் பேசுவார், சிவனுக்குரிய முற்றறிவைத் தமக்கு ஏற்றிக்கொள்ளுதலாகிய குற்றத்திற்கு ஆளாவர். அவர் திருநீறு எத்துணை அகலமாகத் தரித்திருப்பினும் இக்குற்றம் நீங்காது. மேலும், அவள் நோய் அவளுடைய பிராரத்தமாயின், அந்நோய்க்கண் யான் செய்வது என்னுடைய ஆகாமியமாம். அவள் பழவினையை ஆராய்தற்கு எனக்குக் கண்ணில்லை. என் புதுவினையை ஆராய்தற்குக் கண்ணுண்டு. தாகத்தால் வருந்துபவளுக்குத் தண்ணீர் கொடாது, தாகம் வினையால் வந்தது என்று சாத்திரம் பேசியவன் பெயரில் யாது எழுதப்படும்?

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் கொடிமாடச் செங்குன்றூரிலே, இந்நாளில் திருச்செங்கோடு என வழங்கும் தலத்திலே, எழுந்தருளியிருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அது அந்நிலத்தின் இயல்பால் வருவது என அடியார்கள் விண்ணப்பித்தனர் எனப் பெரியபுராணம் கூறும். பிள்ளையார் அவர்களை நோக்கி, நீவிர் முற்பிறப்பிற் செய்ததன் பயனிது, நுகர்ந்து கழிமின் என்றாரோ? இல்லை. திருநீலகண்டத் திருப்பதிகத்தை அருளிச்செய்தார். அப்பதிகத்தின் முதற் றிருப்பாட்டின் கருத்தை ஆசிரியர்கள் மீட்டும் ஒருமுறை எடுத்து நோக்குக. வினைக்கேற்ற பயன் வரும் என்று அறிந்து பேசுகின்ற நீங்கள் அதனின்றும் உய்யும் வழியைத் தேடாதிருத்தல் உங்கட்குக் குறையன்றோ என்று நாயனார் அதில் வினாவுகின்றார். வினைக்கொள்கையைக் கைகட்டி இருத்தற்குக் காரணமாகக் கொள்வாரை மறுத்தற்கு இதனினும் வலிய பிரமாணம் வேறு வேண்டா. வைத்தியமும் உய்யும் வழிகளுள் ஒன்றென்பதில் எமக்கு ஐயமில்லை.

யான் இளமையிலே மிசன் கல்லூரியிற் பயின்றவனாதலின், விவிலியத்திலே யோபு என்பான் சரிதத்தைப் பலமுறை படித்துளேன். செல்வமும் மக்களும் இழந்து உடம்பெங்கும் புண்பட்டுச் சாம்பரில் இருந்த அவனிடம் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவர் வந்து, ஏழுநாள் இரவும் பகலும் யாதும் பேசாது அவனோடு நிலத்தில் இருந்தனர். எட்டாம் நாள் முதலாக வாய்திறந்து, நீ பாவஞ் செய்திருத்தல் வேண்டும், அன்றேல் இத்துன்பம் வாராது என்று பலபடப் பேசினர். முடிவிலே தெய்வம் கோபித்தது யோபின்மேலன்று; அந்நண்பர்மேல். கிறித்தவ போதகர் இச்சரிதத்திற்கு வேறு தாற்பரியம் கூறினாராயினும், என் மனத்திற் பதிந்தது அவ்வேழு நாளே. அந்நண்பர் அவ்வளவில் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தாராயின் உலகம் அவரை நல்லவரென்றே கொண்டாடியிருக்கும். நம் நாட்டு யோபின் நண்பர் அவ்வேழு நாளும் பொறுப்பதில்லை. கொண்டுவந்த தோடம்பழப்பையை மேசையில் வைக்குமுன்னரே தொடங்கிவிடுகின்றனர். அவரை மரியாதையாக விறாந்தையிலேயே இருத்தித் தேநீர் கொடுத்து அனுப்புதலும் கணவன் செய்யும் தொண்டுகளுள் ஒன்றாகும்.

துன்புற்றாரைத் தாங்குமாற்றுக்கு நம் சமயத்திலே தலைசிறந்த எடுத்துக்காட்டு ஒரு பெண்ணிடத்தே உளது. மருணீக்கியார் சமணஞ் சார்ந்து தருமசேனர் எனப் பெயர்பெற்றுச் சிறந்திருந்தபோது சூலைநோய் பற்ற, சமணர் மந்திரமும் பீலியுங் கொண்டு முயன்றுங் கைவிட, இரவிலே ஒருவருமறியாமல் திருவதிகைக்கு வந்து தமக்கையார் திலகவதியார் திருவடியில் விழுந்தனர். பலகாலம் தனித்து வருந்தியிருந்த அத்தமக்கையார், விட்டுப்போனவர் தம்பியாதலின், வைதற்குக் காரணம் உடையராகவே இருந்தார். வைதாரல்லர். அறியாமையால் வந்த துயர் என்று ஆற்றி எழுப்பித் திருநீறு கொடுத்தார். அதன்மேல் அவர் செய்தது இன்னும் நுணுக்கமானது. விடியற்கு முன்னே திருவலகும் திருமெழுக்குத் தோண்டியுங் கொண்டு தாம் நாடோறும் செய்யுந் திருத்தொண்டுக்குப் புறப்பட்டு, நோயாளியாகிய தம்பியாரையும் உடன்கொண்டு சென்றார். கட்டிலிற் கிடத்திச் சுற்றிநின்று புலம்பினாரல்லர்.

கணவர்மார் இதனைக் கைக்கொள்க. நோயென்று கேட்ட அன்றே மனைவியின் கையிலிருந்த அகப்பையையும் பூக்கூடையையும் பறித்து, அவளை ஒரு மூலையிற் கிடத்திவிடுதல் அன்புபோலத் தோன்றினும், நீ இனி இவ்வீட்டிற்கு வேண்டாதவள் என்று சொல்லாமற் சொல்லுதலாய் முடியும். பூக்கொய்ய அவள் விரும்பினால் கொய்க. ஆசிரியையாயின், இருந்தபடியே பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த விரும்பினால் திருத்துக. சத்திரசிகிச்சையின் பின் சிலவாரங்கட்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளுதல், பாரந்தூக்குதல் என்பன மட்டும் அவளுக்கு ஆகா. கக்கத்திலுள்ள நிணநீர்க் கணுக்கள் எடுக்கப்படின் அப்பக்கத்துக் கை பின்னர் வீங்குதலும் உண்டு. வைத்தியசாலையிற் கற்பிக்குங் கைப்பயிற்சிகளை நாடோறுஞ் செய்வித்தல் வேண்டும். அதனைத் தானும் எதிரே நின்று கையுயர்த்திச் செய்து காட்டுங் கணவன் எத்தனை பிரசங்கம் கேட்டவனினும் மேலானவன்.

சிகிச்சையைப் பற்றிச் சிலவே கூறுவாம். எஞ்சியவற்றை வைத்தியர் கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அமெரிக்காவிற் சத்திரவைத்தியராயிருந்த ஹால்ஸ்ரெட் என்பவர் மார்பையும் அதன் கீழுள்ள தசையையும் ஒருங்கே அகற்றும் முறையைப் பரப்பினார். பின்னர் பேர்ணாட் பிஷர் என்பவர், கட்டியை மாத்திரம் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை செய்தாரையும் மார்பு முழுவதும் அகற்றினாரையும் இருபது ஆண்டு தொடர்ந்து நோக்கி, உயிர்வாழ்தலில் வேற்றுமையில்லை என்பதை 2002 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆதலின் வைத்தியர் கட்டியை மட்டும் எடுத்தால் அரைகுறை வைத்தியமென்று அஞ்சவேண்டா. முழுவதும் எடுத்தால் நோய் முற்றியதென்று துணியவும் வேண்டா. கட்டியின் அளவும் இடமும் தன்மையும் பற்றி அது வேறுபடும். வைத்தியர் கூறுவதை மனைவி அச்சத்தாற் பாதியே கேட்பாள். கணவன் ஒரு குறிப்புப்புத்தகம் கொண்டுசென்று எழுதிக்கொள்க. நமக்கு அது புதுத்தொழிலன்றே.

ஆங்கில நாவலாசிரியையாகிய பிரான்சிஸ் பேர்ணி என்பாருக்கு 1811 ஆம் ஆண்டு செப்தெம்பர் 30 ஆம் நாள் பாரிசு நகரிலே, மயக்கமருந்து வழக்கில் வாராத அக்காலத்திலே, மார்பு அகற்றப்பட்டது. அவ்வம்மையார் தம் கணவர் காணப் பொறார் என்று கருதி, அவர் வெளியே சென்றிருக்கும் நேரத்திலே அது நிகழுமாறு ஒழுங்குசெய்துவிட்டார். அதன்பின் இருபத்தெட்டாண்டுக்கு மேல் வாழ்ந்து 1840 இல் இறந்தார். தமக்கு நேர்ந்ததைத் தம் சகோதரிக்கு எழுதிய நீண்ட கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. அதிலே என்னை வருத்துவது கத்தியைப் பற்றிய பகுதியன்று. உயிர்போகும் வேளையிலும் கணவன் மனம் நோவாது காக்கும் பாரத்தையும் அவளே சுமந்தாள் என்பதே. நம் பெண்களும் இங்ஙனமே செய்வர். “நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ, நான் தங்கச்சியோடை போயிட்டு வாறன்” என்பர். அச்சொல்லை மெய்யென்று கொண்டு போய்விடும் கணவர் பலர். லீவு கேட்கக் கூசுகின்றவர் கலியாண வீட்டுக்குக் கேட்ட லீவுகளை எண்ணிப் பார்ப்பாராக.

சத்திரசிகிச்சைக்குக் கொண்டுசெல்லுமுன் நகைகளைக் கழற்றுவர். தாலியையும் கழற்றல் வேண்டும். நம் பெண்களுட் சிலர் நோய்க்கு அழாதவர் இதற்கு அழுவர். அமங்கலம் வருமோ என்று கலங்குவர். இதனை மூடநம்பிக்கை என்று நகைக்கும் கணவன் அறிவுடையனல்லன். அவளை முதனாளே அதற்கு ஆயத்தப்படுத்தி, அவன் கையினாலே கழற்றிப் பையில் இடாது தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு வாயிலில் இருந்து திருவைந்தெழுத்தை உருவேற்றுக. கட்டிய கைதானே அது.

கட்டு அவிழ்க்கும் நாளிலே அவள் கண்ணாடியை முதலிற் பாராள். கணவன் முகத்தைப் பார்ப்பாள். அவ்வொரு கணத்தில் அவன் முகத்திலே தோன்றுவதை அவள் பல்லாண்டு மறவாள். தடாதகைப் பிராட்டியார் மூன்று தனங்களோடு திருவவதாரஞ் செய்து, திருக்கைலையிலே பெருமானைக் கண்டவளவில் ஒன்று மறைந்தது எனத் திருவிளையாடற் புராணங் கூறும். ஓர் உறுப்பு மறைந்தமையால் அம்மையின் அரசுரிமையேனும் தாய்மையேனும் குறைந்தது எனச் சொன்னார் எவருமில்லை. தில்லையிலே திருநீலகண்ட நாயனாரும் மனைவியாரும் உடம்பால் தீண்டாராகியும் மூப்பு வருங்காறும் ஓரில்லத்தில் இருந்து ஒருவர் செயலுக்கு ஒருவர் துணையாய்த் தொண்டு புரிந்தனர். உடம்பின் இன்பம் இல்லறத்தின் ஒரு பகுதியே என்பதற்கு அவர் சான்று. ஆயின் இதனைக் கொண்டு மனைவியை விலகியிருத்தல் தகுமென எவரும் மயங்கற்க. அவர் விலகியது ஆணையால், அருவருப்பாலன்று. வடு ஆறியபின் அவ்விடத்தைக் கணவன் கூசாது தொடுதலே அவளுக்கு மருந்து. இதனை இவ்வளவு வெளிப்படையாக எழுதுதலும் வேண்டுமோ எனின், வேண்டும். எழுதாமையால் எத்தனை வீடுகளில் இரண்டு பாய்கள் இரண்டு அறைகட்குப் போயினவோ!

இரசாயன மருந்தேற்றுதல் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடைபெறும். முதன்முறை ஏற்றி இரண்டு மூன்று வாரத்திலே தலைமயிர் உதிர்தல் உண்டு. சிகிச்சை முடிந்தபின் மீள வளரும். முடியிறக்குதல் நமக்கு நேர்த்திக்கடனன்றோ என்று சொல்லி ஆற்றப் புகுவார் உளர். அவள் விரும்பி இறக்கியதன்றே. ஆதலின் அச்சொல் ஆறுதலாகாது. குருதியில் வெள்ளணுக்கள் குறைதலின் தொற்றுக்கள் எளிதிற் பற்றும். காய்ச்சல் 38 பாகை சென்ரிகிறேட்டை, அதாவது 100.4 பாகை பரனைற்றை எட்டினால், நள்ளிரவாயினும் விடியட்டும் என்றிராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. இஃதொன்றை ஆசிரியர் யாவரும் மனனம் பண்ணுக. தேர்த்திருவிழாக் கூட்டத்துட் செல்லுதல் அக்காலத்தில் வேண்டாம். கந்தசட்டி முதலிய உபவாசங்களும் அவளுக்கு வேண்டா. கணவன் அவள்பொருட்டு நோற்பானாக. தாளிதத்தின் மணமே சிலர்க்கு ஓங்காளிப்பை உண்டாக்கும். அடுக்களைப் படி மிதியாத ஆடவர் கஞ்சி காய்ச்சக் கற்றல் அவமானமன்று; உப்பின் அளவை மட்டும் அவளிடமே கேட்க.

கதிர்ச்சிகிச்சை வாரம் ஐந்து நாளாகப் பலவாரம் நடைபெறும். வெளியிலிருந்து பாய்ச்சுங் கதிர் அவளுடம்பில் தங்கியிராது. பிள்ளைகள் மடியில் ஏறலாம். புற்றுநோய் தொற்றுநோயுமன்று. தனிக்கோப்பையும் தனித்தட்டும் வைக்கும் வீடுகள் இன்றும் இருத்தல் நமக்கு வெட்கம். பச்சிலை கட்டிக் கரைத்துவிடுவேம் என்பாரிடம் மாதக்கணக்காகக் காலம் போக்கிப் பின் வைத்தியசாலைக்கு வருதலினும் கொடியது பிறிதில்லை.

முன்னாளிலே இவ்வைத்தியத்துக்காக வடக்கிலுள்ளார் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பிரயாணஞ்செய்து மகரகமைக்குச் செல்லவேண்டியிருந்தது. 2011 ஆம் ஆண்டிலே தேவேந்திரமுனை தொடங்கிப் பருத்தித்துறைவரை கால்நடையாக நடந்தார் திரட்டிய பொருளால் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்டது. நடந்தவர் பல இனத்தவர், பல சமயத்தவர். தெல்லிப்பழைத் துர்க்கையம்மையை வழிபடச் செல்லும் அன்பர்கள் அவ்வூரிலேயே அவ்வாயிலையும் ஒருமுறை எட்டிப்பார்த்து, தனித்திருக்கும் நோயாளர் எவரேனும் உளரோ என வினாவிச் செல்க.

சிகிச்சை முடிந்ததென்று ஊரார் மறந்துவிடும் காலத்திலே அவள் அச்சம் மறைவதில்லை. சிலர் ஐந்தாண்டும் பத்தாண்டும் நாடோறும் மாத்திரை உண்ணல் வேண்டும். ஆண்டுதோறும் பரிசோதனை நாள் நெருங்குங்கால் அவள் உறக்கம் கெடும். கணவன் அந்நாளைத் தன் நாட்காட்டியிற் குறித்துவைப்பானாக. முற்றும் நீங்காத நோயும் உண்டு. அந்நிலையில் எல்லாஞ் சுகமாகும் என்று பொய்யுரைத்தல் ஆகாது. நோவைத் தணிக்க வைத்தியர் தரும் மோபின் மருந்தை, பழக்கமாய்விடுமென்று அஞ்சித் தடுத்தலும் ஆகாது. நோவோடு கிடப்பவளுக்குத் திருவடிச் சிந்தனை எங்ஙனம் கைகூடும்? அவள் விரும்பிய பதிகத்தை மெல்லப் பாடுக. பாடவராதவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க.

இறுதியாக ஒன்று. தாய் இந்நோயுற்ற பிள்ளை உங்கள் வகுப்பிலே இருத்தல் கூடும். சில குழந்தைகள், தாம் குழப்படி செய்தமையாலேயே அம்மாவுக்கு நோய் வந்தது என்று எண்ணி, அதனை எவரிடமும் சொல்லாது தமக்குள் வைத்து வாடுகின்றன. தலைவாராமலும் வீட்டுவேலை முடியாமலும் வந்து நிற்கும் அப்பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்திக் காரணம் கேளாது, இடைவேளையிலே தனியே அழைத்து, இன்று அம்மா சாப்பிட்டாவா என்று முதலிற் கேட்க.

திருச்சிற்றம்பலம்.